தலைக்கு மேலே தூக்கும்போது தோள் வலித்தால்

ரோ போடும்போது ஒன்றுமில்லை. தண்டாலிலும் பெரிதாகத் தெரிவதில்லை. பாரைத் தலைக்கு மேலே தள்ளும்போது மட்டும், அது நெற்றியைத் தாண்டுகிற இடத்தில், தோளின் முன்பக்கத்திலோ வெளிப்பக்கத்திலோ சுருக்கென்று பிடிக்கிறது. செட் முடிந்ததும் அடங்கிவிடுகிறது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மறுபடி தலைகாட்டுகிறது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கும்போதும் பரணிலிருந்து பாத்திரம் இறக்கும்போதும் லேசாக உறுத்துகிறது. இந்த அத்தியாயம் அந்த வலிக்கானது.

ஜிம்மில் இதற்கு இரண்டு யோசனைகள் இலவசமாகக் கிடைக்கும். "வலியோட போடு, போகப் போகச் சரியாயிடும்" என்பது ஒன்று. "ரெண்டு மாசம் கையைத் தூக்காதே" என்பது மற்றது. முதலாவது வலியை நாள்பட்டதாக்கிவிடும். இரண்டாவதில் வலி அடங்கும், கூடவே தோளின் பலமும் இறங்கும்; திரும்பி வந்து பழைய எடையில் கை வைத்த வாரமே வலியும் வந்து நிற்கும். எந்தக் கோணத்தில், எவ்வளவு எடையில் உங்கள் கை தொந்தரவில்லாமல் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து படிப்படியாக ஏறுவதுதான் வழி. பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரம் பிடிக்கும்.

முதலில் இவை இல்லையென்று உறுதி செய்யுங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

1. நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி. கையை அசைக்காமலே வருகிற, படி ஏறினால் கூடுகிற தோள்வலியும் இதில் சேரும். நம் வீடுகளில் இதை "வாயுப் பிடிப்பு" என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். அப்படிக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.
2. விழுந்தபோதோ எடை நழுவியபோதோ தோளில் "டப்" என்ற உணர்வு, அதன் பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை. அல்லது தோளின் வடிவமே மாறித் தெரிகிறது. அன்றைக்கே எலும்பு மருத்துவர்.
3. விரல்வரை மரத்துப்போதல், மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்று இறங்கும் வலி, பிடிமானம் குறைதல். கழுத்தைத் திருப்பினால் வலி மாறுகிறதென்றால் கோளாறு கழுத்தில் இருக்கலாம்.
4. காய்ச்சலோடு மூட்டு சிவந்து, வீங்கி, சுடுகிறது.
5. எப்படிப் படுத்தாலும் விடாத இரவு வலி.
6. கை எல்லாத் திசையிலும் இறுகிப்போய், இன்னொருவர் பிடித்துத் தூக்கினாலும் மேலே போக மறுக்கிறது. 40 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, இது உறைந்த தோளாக இருக்கலாம். அதற்கான சிகிச்சை வேறு.

உள்ளே என்ன நடக்கிறது: தேவையான அளவு மட்டும்

மேற்கை எலும்பின் தலை உருண்டை. அது உட்காரும் குழியோ ஆழமில்லாதது. உருண்டையைக் குழியின் நடுவில் பிடித்து வைப்பது நான்கு சிறு தசைகள். ஜிம்மில் 'ரொட்டேட்டர் கஃப்' என்பது இவற்றைத்தான். இவற்றின் தசைநாண்களுக்கு மேலே, தோள்பட்டை எலும்பிலிருந்து நீளும் ஒரு எலும்புக் கூரை இருக்கிறது. கை முழுதாக மேலே போகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அசைவு மூட்டில் நடப்பதில்லை; முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பு சுழன்று மேலேறுவதால் கிடைக்கிறது. அது சுழலாவிட்டால், மேல்முதுகு கூன் போட்டு இறுகியிருந்தால், அந்தச் சுமையும் மூட்டின் தலையில் விழுகிறது.

கூரை எலும்பு தசைநாணில் உரசுவதே வலிக்குக் காரணம் என்ற விளக்கத்தை அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் 1972-இல் எழுதினார். பல ஆண்டுகள் எலும்பைச் சீவும் அறுவை சிகிச்சைகள் அதை வைத்தே நடந்தன. பிரிட்டனிலும் பின்லாந்திலும் நடந்து 2018 வாக்கில் வெளியான இரண்டு ஆய்வுகள், எலும்பைச் சீவியவர்களுக்கும் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று காட்டின. நமக்கு இதில் வேண்டியது ஒன்றுதான். தோள் தேய்ந்துவிட்டது, கிழிந்துவிட்டது என்று பயந்துகொண்டு தொடங்காதீர்கள். தசைநாண் தாங்கப் பழகுவதற்குள் எடையை ஏற்றிவிட்டதுதான் பெரும்பாலும் நடந்திருக்கும்.

எங்கே தவறியது? வீட்டிலேயே ஒரு சோதனை

1. நோட்டைத் திறங்கள். கடந்த 4 முதல் 6 வாரங்களில் என்ன மாறியது? எடை கூடியதா, செட் கூடியதா, புதுப் பயிற்சி சேர்ந்ததா, இடையில் ஊருக்குப் போய் இரண்டு வாரம் விட்டுவிட்டுப் பழைய எடைக்கே திரும்பினீர்களா? நம் ஜிம்களின் வழக்கமான அட்டவணையில் திங்கள் செஸ்ட், செவ்வாயோ புதனோ ஷோல்டர். பெஞ்ச் பிரஸ்ஸில் உழைத்த அதே முன்தோள் மறுநாளும் உழைக்கிறது. வலியின் காரணம் பல நேரம் இந்தப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். நோட்டே இல்லையென்றால் இன்றைக்கு ஒன்று வாங்குங்கள்.
2. கையைப் பக்கவாட்டில் உயர்த்துங்கள். இடுப்பிலிருந்து காது வரை, மெதுவாக. 60 பாகையிலிருந்து 120 பாகைக்குள் வலித்து, அதற்கு மேல் குறைந்தால் அது தசைநாண் வலியின் வழக்கமான போக்கு. கட்டைவிரல் கீழே பார்க்க ஒருமுறை, மேலே பார்க்க ஒருமுறை செய்யுங்கள். மேலே பார்க்கும்போது வலி குறைந்தால், வரப்போகும் பயிற்சிகளில் எந்தப் பிடி உங்களுக்குத் தோதானது என்பதும் தெரிந்துவிடும்.
3. சுவரில் சாயுங்கள். குதிகாலைச் சற்று முன்னே வைத்து, இடுப்பும் முதுகும் தலையும் சுவரில் பட நில்லுங்கள். முழங்கையை மடக்காமல் இரு கைகளையும் முன்வழியாக மேலே கொண்டுபோங்கள். கீழ்முதுகு சுவரை விட்டு வளையாமல் கட்டைவிரல்கள் சுவரைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் மேல்முதுகோ விங்ஸோ இறுகியிருக்கிறது.
4. ஒருவரை உதவிக்குக் கூப்பிடுங்கள். நீங்கள் கையைத் தூக்கும்போது அவர் உங்கள் தோள்பட்டை எலும்பின் கீழ்மூலையில் உள்ளங்கையை வைத்து, அது வெளிப்பக்கமாகச் சுழன்று மேலேற லேசாகத் தள்ளட்டும். வலி குறைந்தால் அந்த எலும்பைச் சுழற்றும் தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று பொருள். கீழே இரண்டாம் படியில் கூடுதல் கவனம் வையுங்கள்.

வலிக்கு மதிப்பெண்

இனி எல்லா முடிவுகளும் இந்த எண்ணை வைத்துத்தான். வலியே இல்லையென்றால் 0, தாங்கவே முடியாதது 10. பயிற்சியின்போது 3 வரை போகலாம். அதைத் தாண்டினால் எடையைக் குறையுங்கள், அல்லது கை போகும் தூரத்தைக் குறையுங்கள். மறுநாள் காலை எழுந்ததும் இன்னொரு முறை மதிப்பிடுங்கள். முந்தைய காலையைவிடக் கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். ஜிம்மில் உடல் சூடாக இருக்கும்போது தோள் பொய் சொல்லும். காலை எண்ணையே நம்புங்கள்.

முதல் இரண்டு வாரம்: எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது

விட வேண்டியவை: கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ், அப்ரைட் ரோ, டிப்ஸ், கட்டைவிரல் கீழே பார்க்கும் சைடு ரெய்ஸ், குலுக்கித் தூக்கும் புல்-அப். கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ்ஸைப் பொறுத்தவரை, வலி போன பிறகும் அது பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. அதில் கிடைப்பது எதுவும் முன்னாலிருந்து தள்ளினால் கிடைக்காமல் போவதில்லை.

வைத்துக்கொள்ள வேண்டியவை: கால் பயிற்சிகள் எல்லாம், எல்லா வகை ரோ, தரையில் படுத்து உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க டம்பெல் பிரஸ். தரை முழங்கையைத் தடுத்துவிடுவதால் தோள் அதிகம் பின்னே போகாது. ஸ்குவாட்டின்போது பாரை முதுகில் பிடிப்பதே வலிக்கிறதா? பிடியை அகலமாக்குங்கள், அல்லது டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் போடுங்கள். ஷோல்டர் வலிக்குக் காரணம் லெக் டேயாக இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

சில எச்சரிக்கைகள்:

- வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போகாதீர்கள். வலியின் அளவை மாத்திரை மறைத்துவிட்டால் மதிப்பெண் போடுவதில் பயனில்லை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளைத் தொடவே வேண்டாம்.
- தைலம், வெந்நீர் ஒத்தடம், ஐஸ் ஆகியவற்றில் எது இதமாக இருக்கிறதோ அதைச் செய்யலாம். அவை வலியைத் தணிக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.
- சுளுக்கு எடுக்கிறேன் என்று கையைச் சுழற்றி வெடுக்கென்று இழுக்க யாரையும் விடாதீர்கள்.
- தூங்கும்போது வலிக்கிற தோள் மேலே இருக்கட்டும். அந்தக் கையைத் தாங்க நெஞ்சுக்கு முன்னால் ஒரு தலையணை. மல்லாந்து படுப்பவர்கள் முழங்கைக்கு அடியில் மடித்த போர்வையை வைக்கலாம்.

படிப்படியாகத் திரும்புவது

ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரே விதிதான்: அடுத்தடுத்து இரண்டு முறை வலி 3-ஐத் தாண்டாமல் முடிந்து, காலை எண்ணும் கூடாமல் இருக்க வேண்டும். தாண்டினால் முந்தைய படிக்கு ஒரு வாரம் திரும்புங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாரக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் நான் தேதி போடவில்லை.

படி 1. அசையாமல் தள்ளுவது

1. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். வலிக்கிற தோள் சுவர்ப்பக்கம்.
2. முழங்கையை 90 பாகையில் மடக்கி, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே மடித்த துண்டு ஒன்றை வையுங்கள்.
3. புறங்கையால் சுவரை வெளிநோக்கி அழுத்துங்கள். முழுப் பலத்தில் பாதி போதும்.
4. 30 முதல் 45 விநாடி பிடித்து விடுங்கள். மூச்சை அடக்காதீர்கள்.
5. ஒரு நிமிட இடைவெளியில் 5 தடவை, தினமும் காலை மாலை.

படி 2. பேண்டும் சுவரும்

ஒருநாள் விட்டு ஒருநாள். ஒவ்வொன்றும் 3 செட், 12 முதல் 15 ரெப்.

1. *வெளிச்சுழற்சி:* பேண்டை ஜன்னல் கம்பியில் முழங்கை உயரத்தில் கட்டுங்கள். கம்பி ஆடுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். பழைய பேண்டில் விரிசல் இருந்தால் தூக்கிப் போடுங்கள், அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும். துண்டை விலாவோடு வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பி, மூன்று எண்ணும் நேரத்தில் திரும்புங்கள்.
2. *சுவரில் சறுக்குவது:* முன்கைகள் இரண்டையும் சுவரில் பதித்து, சுவரைத் தள்ளிக்கொண்டே மேலே சறுக்குங்கள். உச்சியில் தோள்களைக் காதை நோக்கி உயர்த்துங்கள்.
3. *தண்டாலின் கடைசி அங்குலம்:* தண்டால் நிலையில், முழங்கையை மடக்காமல், தோள்பட்டை எலும்புகள் விரியும்படி தரையைத் தள்ளி மேல்முதுகை உயர்த்துங்கள். தரையில் கடினமென்றால் மேஜை விளிம்பிலோ சுவரிலோ செய்யலாம்.
4. *ரோ:* எது வசதியோ அது.

இந்த எளிய பயிற்சிகளை அவமானமாக நினைத்துத் தாண்டிவிடுவதுதான் இந்த அத்தியாயம் பயனில்லாமல் போவதற்கு முதல் காரணம். பேண்ட் எளிதாகிவிட்டால் தடித்த பேண்டுக்குப் போங்கள், படியைத் தாண்டாதீர்கள்.

படி 3. சாய்வாகத் தள்ளுவது

நேர் மேலே போகாமல் முன்னும் மேலுமாகத் தள்ளினால், கை வலிக்கும் கோணத்துக்குச் சற்றுக் கீழேயே வேலை செய்யும்.

1. பாரின் ஒரு முனையைப் பழைய துண்டில் சுற்றி அறையின் மூலையில் நிறுத்துங்கள். பாரை மாட்டும் கருவி ஜிம்மில் இருந்தால் இன்னும் நல்லது.
2. மறுமுனையை வலிக்கும் பக்கத்துக் கையால் தோள் முன்பாகப் பிடித்து, அதே பக்க முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள்.
3. முன்னும் மேலுமாகத் தள்ளி, முடிவில் தோளையும் சேர்த்து முன்னே விடுங்கள்.
4. 3 செட், 8 முதல் 10 ரெப். பக்கத்தில் யாரும் நடக்காத மூலையாகப் பாருங்கள், பார் சறுக்கினால் கணுக்காலைத்தான் தேடும்.

படி 4. டம்பெல்

பெஞ்சின் சாய்வை 60 பாகையில் தொடங்கி, வாரங்கள் போகப் போக நிமிர்த்துங்கள். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கட்டும். முழங்கைகள் நேர் பக்கவாட்டில் வேண்டாம். அங்கிருந்து 30 பாகை முன்னால் வரட்டும். தோள்பட்டை எலும்பு இயல்பாகவே அந்தக் கோணத்தில்தான் பார்க்கிறது.

பிரஸ்ஸைவிட டம்பெல்லைத் தோளுக்குக் கொண்டுவரும்போதுதான் பலருக்குச் சுருக்கென்று பிடிக்கும். தரையிலிருந்து ஒரே வீச்சில் சுழற்றி ஏற்றாதீர்கள். தொடையில் நிற்க வைத்து, முழங்காலால் ஒன்று ஒன்றாக உந்தி ஏற்றுங்கள். இறக்கும்போதும் தொடை வழியாகவே.

படி 5. மறுபடியும் பார்

வெறும் பாரில் தொடங்குங்கள். ஒலிம்பிக் பார் ஆண்களுடையது 20 கிலோ, பெண்களுடையது 15 கிலோ. ஆனால் சின்ன ஜிம்களில் கிடைக்கும் பார்கள் எந்தக் கணக்கிலும் சேராதவை. ஒருமுறை எடை மெஷினில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். ஏற்றுவது ஒரு தடவைக்கு மொத்தம் 2.5 கிலோவுக்கு மேல் வேண்டாம். 1.25 கிலோ பிளேட் இல்லாத ஜிம் என்றால், முதலில் ரெப்பை 6-லிருந்து 10 வரை கூட்டி, பிறகு பெரிய பிளேட்டுக்குப் போங்கள். பிரஸ் வாரத்துக்கு இரண்டு தடவை போதும். பெஞ்ச் பிரஸ்ஸுக்கும் அதற்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி இருக்கும்படி அட்டவணையை மாற்றுங்கள்.

பிரஸ் போடும் முறை

1. ஸ்டாண்டை மார்பு உயரத்தில் வையுங்கள். எட்டி எடுக்கவோ தரையிலிருந்து தூக்கவோ வேண்டியிருக்கக் கூடாது.
2. பிடி தோளைவிடச் சற்றே வெளியே. முன்னாலிருந்து பார்த்தால் முன்கைகள் செங்குத்தாகத் தெரிய வேண்டும்.
3. முழங்கைகள் பாருக்கு நேர் கீழே, அல்லது ஒரு விரற்கடை முன்னால்.
4. பிட்டத்தை இறுக்குங்கள். விலா எலும்புகள் மேலே துருத்தாமல் வயிற்றை உறுதியாக்குங்கள்.
5. மோவாயைப் பின்னுக்கு இழுத்து, பாரை முகத்தை ஒட்டி நேர்கோட்டில் மேலே அனுப்புங்கள்.
6. நெற்றியைத் தாண்டியதும் தலையை முன்னே கொண்டுவாருங்கள். முடிவில் பார் காதுகளுக்கும் பாதத்தின் நடுவுக்கும் நேர் மேலே.
7. உச்சியில் தோளைக் காதை நோக்கி உயர்த்துங்கள்.
8. இறக்குவதற்கு இரண்டு மூன்று எண்ணும் நேரம். எடையைப் போட்டுவிடாதீர்கள்.

இதில் ஏழாவதைத்தான் பல மாஸ்டர்கள் மறுப்பார்கள். "தோளைக் கீழே இறக்கி, பின்னால் இழுத்துப் பூட்டு" என்பார்கள். பெஞ்ச் பிரஸ்ஸுக்கு அது சரி. தலைக்கு மேலே தள்ளும்போது அப்படிப் பூட்டினால், சுழன்று மேலேற வேண்டிய எலும்பை நீங்களே கட்டிப்போடுகிறீர்கள்.

நாலாவதை விட்டால் உடல் பின்னால் வளையும். பிரஸ் பாதி நின்றுகொண்டே போடும் பெஞ்ச் பிரஸ்ஸாகிவிடும். ஒலிம்பிக் பளுதூக்குதலில் 1972 மியூனிக் போட்டிக்குப் பிறகு பிரஸ் நீக்கப்பட்டதற்கு இந்த வளைவு ஒரு முக்கியக் காரணம். எது சரியான தூக்கு, எது தவறு என்று நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாத அளவுக்கு வீரர்கள் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தார்கள். மேல்முதுகு நிமிராதவர்கள் இந்த வளைவில் தப்பித்துக்கொள்கிறார்கள், அதற்கான விலையை இடுப்பு கொடுக்கிறது. சுவர்ச் சோதனையில் கட்டைவிரல் தொடாதவர்கள், பிரஸ்ஸுக்கு முன் சுருட்டிய கெட்டிப் போர்வையை மேல்முதுகுக்குக் குறுக்காக வைத்துப் படுத்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி இரண்டு நிமிடம் மூச்சு விடுங்கள்.

வார்ம் அப்: பேண்ட் வெளிச்சுழற்சி ஒரு செட், சுவர்ச் சறுக்கல் ஒரு செட், வெறும் பார் 10 ரெப், அன்றைய எடையில் பாதி 5 ரெப், முக்கால் 3 ரெப். அதற்கு மேல் தோளைச் சுற்றிக்கொண்டிருப்பது நேர விரயம்.

கர்லாக்கட்டை சுற்றுபவர்களுக்கு

கட்டை முதுகுக்குப் பின்னால் இறங்கும் நொடியில் மூட்டு தன் எல்லைவரை வெளிப்பக்கம் திரும்புகிறது. எடையின் வேகமும் சேர்கிறது. நல்ல தோளுக்கு அருமையான பயிற்சி. வலிக்கிற தோளுக்கு, நான்காம் படி முடியும்வரை வேண்டாம். பிறகு வீட்டிலிருக்கும் கட்டைகளிலேயே சிறியதை எடுத்து, ஒரு கையால், மெதுவாக. "கர்லாக்கட்டை சுற்றினால் தோள்வலி தானே போகும்" என்பவரிடம் எந்தத் தோள்வலி என்று கேளுங்கள்.

சரியாகாவிட்டால்

படிகளை ஒழுங்காகச் செய்தும் 6 வாரத்தில் காலை எண் துளியும் இறங்கவில்லையென்றால் பிசியோதெரபிஸ்டையோ எலும்பு மருத்துவரையோ பாருங்கள். ஸ்கேன் எடுக்கச் சொன்னால், "இதில் தெரிவதை வைத்து சிகிச்சை எப்படி மாறும்?" என்று கேட்கலாம், தவறில்லை. வலியே இல்லாதவர்களின் தோளிலும், வயது ஏற ஏற, ஸ்கேனில் தேய்மானமும் கிழிசலும் தென்படுவது சாதாரணம். எனவே அறிக்கையில் ஒரு கிழிசலைப் பார்த்ததும் கலங்க வேண்டாம். அது உங்கள் வலியோடு பொருந்துகிறதா என்பதை மருத்துவர் கையைத் தொட்டு, தூக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரங்களுக்கு வலி நன்றாகக் குறையலாம். அந்தச் சில வாரங்களில்தான் பழைய எடைக்குத் தாவும் ஆசை வரும். ஊசிக்குப் பிறகு எப்போது, எந்தப் படியிலிருந்து தொடங்கலாம் என்று போட்டவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை அளவு ஏறும். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது பயிற்சி நோட்டையும், பக்கவாட்டிலிருந்து எடுத்த பிரஸ் வீடியோ ஒன்றையும் கொண்டுபோங்கள். வீடியோ வலிக்காத எடையில் எடுத்ததாக இருக்கட்டும்.